வாசலில் சிக்கிய பெட்டகம்

முத்துமாலை: பைய தள்ளுதேன்... வாசல் நிலையில இடிக்குதான்னு பாருங்க டீச்சரம்மா.

ஜெபகனி: இடிக்கல அண்ணாச்சி. வாங்க... வாங்க... இன்னும் ஒரு சாண்...

கிரேஸ்: இடிக்குது.

ஜெபகனி: எங்கன கிரேஸ்?

கிரேஸ்: எனக்கு இடிக்குது.

முத்துமாலை: நீ உள்ள நாற்காலியில காலாட்டிக்கிட்டு இருக்க. உனக்கு எங்கன பாப்பா இடிக்கும்?

கிரேஸ்: கண்ணுல. வாரவங்க உக்காருத பட்டாசல்ல போடுற சாமானா இது? நெல்லு கொட்டி வைக்குற பெட்டி.

ஜெபகனி: நெல்லு இல்ல. துணிமணி வைக்கலாம், பாத்திரம் வைக்கலாம், மேல ஏறிப் படுக்கவும் செய்யலாம். எங்க ஆழ்வார்குறிச்சி வீட்டுல இதுதான் கட்டிலு, இதுதான் அலமாரி.

கிரேஸ்: எங்க வீட்டுல கட்டிலு தனியா இருக்கு. அலமாரி தனியா இருக்கு.

முத்துமாலை: அதுவும் சரிதான். சுவத்துப் படத்துல வேற சீமைக்குப் புது ராஜாவும் ராணியும் கிரீடத்தோட தொங்குதாங்க. நாட்டுப் பெட்டகம் உள்ள வந்தா கோவிச்சுக்கிட்டு எறங்கிப் போயிருவாங்களோ என்னமோ.

ஜெபகனி: நீங்க வேற அண்ணாச்சி. எரியுற தீயில எண்ணெய...

முத்துமாலை: எரியுறதுன்னதும் ஞாபகம் வருது. இந்த மூலையப் பாத்தியளா? உள்ளங்கை அகலத்துக்குத் தீஞ்சு கெடக்கு. தச்சன் மந்திரமூர்த்திகிட்ட ஒரு வார்த்தை சொன்னா இழைச்சு, மெழுகு பூசி, இருந்த எடம் தெரியாம ஆக்கிருவான்.

ஜெபகனி: இழைக்க வேண்டாம்.

முத்துமாலை: பாக்க ஒரு மாதிரியா இருக்கே.

ஜெபகனி: இருக்கட்டும்.

கிரேஸ்: யாரு தீச்சா?

ஜெபகனி: ஒரு கிறுக்கி. சரி கிரேஸ், உங்க அப்பா கச்சேரி வேலைக்குப் போகும்போது என்ன சொல்லிட்டுப் போனாங்க?

கிரேஸ்: "பட்டாசல் எப்பிடி இருக்கணும்னு நீங்க ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. சாயந்தரம் வந்து எங்கன உக்காரச் சொல்லுதியளோ அங்கன உக்காருதேன்"னாங்க.

ஜெபகனி: அப்பம் பேசுவமா?

கிரேஸ்: பேச என்ன இருக்கு? இந்தச் சாய்வு நாற்காலி சன்னலுக்குக் கீழ. அது எங்கம்மா நாற்காலி. அதுல உக்காந்துதான் வேதம் வாசிப்பா.

ஜெபகனி: சரி.

முத்துமாலை: ஏன் பாப்பா, காலையில நான் வந்து எறங்கினப்ப கதவுப் பக்கம்னுல்லா சொன்ன? உங்கம்மா அங்கன உக்காந்து தெருவப் பாப்பான்னு...

கிரேஸ்: காலையில கதவுப் பக்கம் உக்காருவா. மத்தியானம் சன்னலுக்குக் கீழ.

முத்துமாலை: நாற்காலிய யாரு தூக்குவா?

ஜெபகனி: அண்ணாச்சி, அவ சொன்ன எடத்துல வைப்போம். அப்புறம் கிரேஸ்?

கிரேஸ்: வட்ட மேசை நடுவுல. லேஸ் விரிப்பு போட்டு, அதுக்கு மேல கண்ணாடிக் குப்பியில பூ. எங்கம்மா அப்பிடித்தான் வைப்பா.

ஜெபகனி: எங்கிட்ட ஒரு பித்தளைச் செம்பு இருக்கு. புளி போட்டு விளக்குனா சன்னல் வெளிச்சத்துல பொன்னு மாதிரி நிக்கும். அந்த லேசுக்கு மேல அத வச்சு, ரெண்டு செவ்வரளிக் கொப்பு...

கிரேஸ்: செம்பு அடுக்களைக்கு.

ஜெபகனி: சரி. பத்தமடைப் பாய் ஒண்ணு கொண்டாந்திருக்கேன். கரையில செவப்பு. அத மேசைக்கு இந்தப் பக்கம் விரிச்சா...

கிரேஸ்: பாயா? எங்கம்மா தரையில உக்காரவே மாட்டா.

ஜெபகனி: உக்காரவே மாட்டாளா?

கிரேஸ்: மாட்டா. துரைசானி மாதிரி நாற்காலியிலதான். முதுக நேரா வச்சுக்கிட்டு.

ஜெபகனி: ...சரி.

முத்துமாலை: எல்லாத்துக்கும் சரி சரின்னா இந்தப் பெட்டகத்த நான் எந்தலை மேலயா வச்சுக்கிட்டு நிக்கட்டும்? ஒரு எடம் சொல்லுங்க தாயி.

ஜெபகனி: உள்ள கொண்டாங்க, பெறகு பாப்போம். ஒருச்சாச்சுத் தள்ளுங்க... ஆ, அப்பிடித்தான்... பைய... என்ன அண்ணாச்சி, நின்னுட்டிய?

முத்துமாலை: நான் நிக்கல. அது நிக்குது. உள்ளயும் போவல, வெளியவும் வரல.

கிரேஸ்: நான் சொன்னேம்லா.

முத்துமாலை: ஆமா, ஒங்கண்ணு பட்டுத்தான் நின்னுட்டு. டீச்சரம்மா, இதுக்கு ஒத்த ஆளு காணாது. மூலை வீட்டு அசன் மைதீன் அண்ணாச்சியக் கூப்பிட்டாத்தான் முடியும். அதுக்கு முன்ன அந்தக் கருப்பட்டிக் காப்பியக் குடுத்தா தொண்டைய நனைச்சுக்கிடுவேன்.

ஜெபகனி: எப்பிடிக் குடுக்க? வாசல்தான் அடைச்சுக் கெடக்கே.

முத்துமாலை: பெட்டகத்து மேல நீட்டுங்க, நான் எட்டி வாங்கிக்கிடுதேன்... ஆங்... வந்துட்டு. நல்ல காப்பி. ஆனை அசைஞ்சு தின்னும், வீடு அசையாம தின்னும்பாங்க. இந்த வீடு பெட்டகத்த வாயில வச்சுக்கிட்டு மெல்லாமலே நிக்குது.

ஜெபகனி: சிரிக்காதீங்க. எனக்கு இது உள்ள வந்தாத்தான் மூச்சு வரும்.

முத்துமாலை: வரும் வரும். வெரசா முடிச்சாத்தான் எனக்கும் சோலி. வெளிச்சத்தோட பாலத்தத் தாண்டி, பாப்பாவத் தச்சநல்லூர்ல எறக்கி விட்டுட்டு...

ஜெபகனி: யார?

கிரேஸ்: அண்ணாச்சி, சொல்ல மாட்டேன்னியளே.

முத்துமாலை: ஐயோ, காப்பி வாயத் தொறந்துட்டு.

ஜெபகனி: யார எறக்கி விடணும் அண்ணாச்சி?

முத்துமாலை: நீங்க அடுக்களையில இருக்கையில பாப்பா கொல்லை வழியா வந்து தம்பெட்டியக் குடுத்துச்சு. பெரியம்மா வீட்டுக்குப் போகணும், அப்பாவுக்குத் தெரியும்னுச்சு. நானும் வண்டியில ஏத்திட்டேன். அப்பம் உங்களுக்குத் தெரியாதா?

ஜெபகனி: கிரேஸ்... நெசமா?

கிரேஸ்: பெரியம்மா எப்பம் வேணும்னாலும் வான்னிருக்கா.

ஜெபகனி: நான் நேத்துத்தானே தாலி கட்டி இந்த நடையில கால வச்சேன்.

கிரேஸ்: நீங்க வந்தா எனக்கு என்ன? உங்க சாமான் வருதுல்லா. பெட்டகம், பாய், செம்பு, சொளகுன்னு ஒரு வண்டி. அதெல்லாம் உள்ள வந்தா எங்கம்மா சாமானுக்கு எங்க எடம்? ஒண்ணொண்ணாக் கொல்லைக்குப் போகும். பெரியம்மா சொன்னா, அப்பிடித்தான் நடக்கும்னு.

ஜெபகனி: நான் எதையும் கொல்லைக்கு...

முத்துமாலை: எந்தச் சாமானச் சொல்லுத பாப்பா?

கிரேஸ்: இந்தா, இந்த நாற்காலி. இந்த மேசை. அந்த நிலைக்கண்ணாடி. எங்கம்மா பாத்துப் பாத்து வச்சது.

முத்துமாலை: இந்த நாற்காலியா? கையில செம்புப் பூண் போட்டதா?

கிரேஸ்: ஆமா.

முத்துமாலை: இத நாந்தான பாப்பா ஏத்திட்டு வந்தேன். வைத்தியர் துரை ஒருத்தர் சீமைக்குப் போகையில பங்களாவுல ஏலம் போட்டாங்க. உங்கப்பா நாற்காலி, மேசை, கண்ணாடி எல்லாத்தையும் ஒரே மூச்சுல எடுத்தாங்க. வீடு வெறிச்சுன்னு கெடக்கு முத்துமாலை, எதையாச்சும் போட்டு நெரப்பணும்னு சொல்லி அழுதுக்கிட்டே வந்தாங்க. நீ உங்க பெரியம்மா இடுப்புல இருந்த. உங்கம்மா செத்து அப்பம்...

ஜெபகனி: அண்ணாச்சி.

முத்துமாலை: என்னம்மா?

ஜெபகனி: அசன் மைதீன் அண்ணாச்சியக் கூப்பிட்டு வாங்க.

முத்துமாலை: காப்பி இன்னும் பாதி...

ஜெபகனி: எடுத்துக்கிட்டே போங்க.

முத்துமாலை: ...போறேன் தாயி. என் வாய வண்டியில கட்டிப் போட்டுட்டு வந்துருக்கணும்.

ஜெபகனி: கிரேஸ், அவரு சொல்லுதது வேற நாற்காலியா இருக்கும். அவரு எத்தனையோ வீட்டுக்குச் சாமான் ஏத்துதாரு. ஞாபகம் பெசகிருக்கும்.

கிரேஸ்: பெசகல.

ஜெபகனி: உனக்கு எப்பிடித் தெரியும்?

கிரேஸ்: அடியில சாக்கட்டியில இங்கிலீஷ்ல என்னமோ எழுதிருக்கு. சின்னதுல பாத்துருக்கேன். பெறகு எழுத்துக் கூட்டிப் படிச்சேன், துரை பேரு. பாத்தும் பாக்காத மாதிரி இருந்துட்டேன். கதவுப் பக்கம்னேன். பெறகு சன்னலுக்குக் கீழன்னேன். நான் பொய் சொல்லுதேன்னு உங்களுக்குத் தெரியும்லா?

ஜெபகனி: தெரியும்.

கிரேஸ்: பின்ன ஏன் ரெண்டுக்கும் சரின்னிய?

ஜெபகனி: நீ சொன்ன எடத்துல இருக்கட்டும்னுதான்.

கிரேஸ்: டீச்சர்னா பொய் சொன்னா அடிக்கத்தானே செய்வாங்க.

ஜெபகனி: இது பொய்யில்லயே. ஆசைதானே.

கிரேஸ்: ...எனக்கு எங்கம்மாவ ஞாபகமே இல்ல டீச்சர்.

ஜெபகனி: ம்.

கிரேஸ்: ஒரு படம் கூட கெடையாது. அப்பாகிட்ட கேட்டா மூக்குக்கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே இருப்பாங்க, தொடச்சு முடியவே முடியாது. பெரியம்மாகிட்ட கேட்டா மூக்கச் சிந்தி ஒரேயடியா அழுவா. அதனால கேக்குறத விட்டுட்டேன். நானே ஒண்ணொண்ணா... நாற்காலியில உக்காத்தி வச்சேன். கையில வேதப்புத்தகத்தக் குடுத்தேன். குப்பியில பூ வைக்கச் சொன்னேன்.

ஜெபகனி: நல்லாத்தான் செஞ்சிருக்க.

கிரேஸ்: இப்பம் அவளும் போயாச்சு. எல்லாம் ஏலச் சாமான்.

ஜெபகனி: அழாத... இந்தா, முந்தானையில தொடைச்சுக்க.

கிரேஸ்: வேண்டாம். நான் போறேன். இனி இங்கன காவல் காக்க என்ன இருக்கு?

ஜெபகனி: வாசல்லதான் பெட்டகம் நிக்குதே.

கிரேஸ்: கொல்லை வழியாப் போவேன்.

ஜெபகனி: போகணும்னா போ. அப்பா வந்ததும் சொல்லிட்டுப் போ. நான் மறிக்க மாட்டேன்... மறிக்கணும்னுதான் இருக்கு. வந்த மறுநாளே பிள்ளைய வெரட்டிட்டான்னு ஊரு பேசும், அது கெடக்கட்டும். நீ போயிட்டா இந்த வீடும் வேண்டாம், இந்தப் பெட்டகமும் வேண்டாம்னு இருக்கு எனக்கு. அவ்வளவுதான், சொல்லிட்டேன்.

கிரேஸ்: உங்களுக்கு என்ன நான் அவ்வளவு? நேத்துத்தானே என்னப் பாத்திய.

ஜெபகனி: ஆமா. நேத்துத்தான் பாத்தேன். பெட்டகத்து மூலையத் தடவாத. செராய் குத்திரும்.

கிரேஸ்: தீஞ்ச எடம் மட்டும் வழவழன்னு இருக்கு.

ஜெபகனி: நான் தடவித் தடவி அப்பிடி ஆயிட்டு.

கிரேஸ்: அந்தக் கிறுக்கி ஏன் தீச்சா?

ஜெபகனி: வேணும்னு இல்ல. எங்கூட பள்ளிக்கூட போர்டிங்ல இருந்தா. ஒரு பாயிலதான் படுப்போம். கிறிஸ்மஸ் லீவு விட்டா அவ ஊருக்கு வண்டி கெடைக்காது. கடற்கரைப் பக்கம், கூடங்குளம். அதனால எங்கூட ஆழ்வார்குறிச்சிக்கு வந்துருவா.

கிரேஸ்: எங்கம்மா ஊரும் கூடங்குளம்தான்.

ஜெபகனி: ம்.

கிரேஸ்: சொல்லுங்க.

ஜெபகனி: எங்க வீட்டுல நாற்காலி ஒண்ணே ஒண்ணு, அதுவும் ஜெபத்துக்குச் சபை ஐயர் வந்தா உக்கார. அதுல அவள உக்காரச் சொன்னா, கால் மரத்துப் போகுது, ஆளு தொங்குத மாதிரி இருக்குன்னுட்டு நைசா வழுக்கித் தரைக்கு வந்துருவா. எந்நேரமும் இந்தப் பெட்டகத்து மேலதான். இந்தப் பக்கம் தலைய வச்சுக் கவுந்து படுத்துக்கிட்டு, சிம்னி விளக்க வச்சுக்கிட்டு...

கிரேஸ்: வேதம் வாசிப்பாளா?

ஜெபகனி: எங்க? பரீட்சைக்குக் கணக்குப் போடுதேன்னு உக்காந்துட்டு, பள்ளிக்கூடத்துத் துரைசானி மொகத்த வரைஞ்சுக்கிட்டு இருப்பா. மூக்கு மட்டும் இம்மாம் பெருசா.

கிரேஸ்: ம்ஹ்ம்... 

ஜெபகனி: சிரிக்கியா? நானும் சிரிச்சேன். சிரிச்ச சிரிப்புல அவ முழங்கை பட்டு விளக்கு சாஞ்சுட்டு. எண்ணெய் கொட்டி, பாயில பிடிச்சு, மரத்துல பிடிச்சுட்டு. நான் தண்ணிக்கு ஓடுதேன். திரும்பி வந்து பாத்தா அவ சாக்க மடிச்சுப் போட்டு அதுக்கு மேல ஏறி உக்காந்திருக்கா.

கிரேஸ்: தீ மேலயா?

ஜெபகனி: தீ மேல. பாவாடையில ஓட்டை. தீ அணைஞ்சுட்டு. ஆனா எங்கம்மா பாத்தா தோல உரிச்சுருவாளே. அதனால லீவு முடியுற மட்டும் அந்த மூலைய விட்டு எந்திரிக்கவே இல்ல. சோறு அங்கன. ஜெபம் அங்கன. எங்கம்மா, "பிள்ளைக்குப் பெட்டகத்து மேல அவ்வளவு பிரியமா, கலியாணத்துக்கு அவளுக்கே குடுத்துரலாம்"ன்னா.

கிரேஸ்: கண்டே பிடிக்கலயா?

ஜெபகனி: அவ ஊருக்குப் போன அன்னைக்குப் பிடிச்சா. அடி எனக்கு.

கிரேஸ்: முழங்கை பட்டா விளக்கு எப்பிடி அந்தப் பக்கம் சாயும்? எழுதுற கைக்கு எதிர்ப் பக்கம்தானே விளக்கு வைப்பாங்க. அவ படுத்த மாதிரி பாத்தா... இந்தப் பக்கம்லா தீஞ்சிருக்கணும்.

ஜெபகனி: அவ நொட்டாங்கையில எழுதுவா. அதனால விளக்கு சோத்தாங்கைப் பக்கம் இருக்கும். பள்ளிக்கூடத்துல அடிச்சும் பாத்தாங்க, கட்டியும் பாத்தாங்க. மாறல.

கிரேஸ்: எனக்கும்... மாறல.

ஜெபகனி: பாத்தேன். நேத்து ராத்திரி சாப்பிடும்போது ஒழுங்கா சோத்தாங்கையிலதான் தின்ன. உப்பு எடுக்க மட்டும் அந்தக் கை தன்னால நீண்டுச்சு. நான் தண்ணி எடுக்கப் போற மாதிரி எந்திரிச்சுப் போயிட்டேன்.

கிரேஸ்: ...அவ பேரு என்ன?

ஜெபகனி: உனக்குத் தெரியாத பேரா ஏட்டி? வா. இங்கன வந்து உக்காரு. அந்த மூலையிலதான்.

கிரேஸ்: ஏன் முதல்லயே சொல்லல? அப்பாவுக்குத் தெரியுமா?

ஜெபகனி: தெரியும். நாந்தான் வாயத் தொறக்கக் கூடாதுன்னு கேட்டுக்கிட்டேன்.

கிரேஸ்: ஏன்?

ஜெபகனி: நீ நாற்காலியில ஒருத்திய உக்காத்தி வச்சிருந்தியே. முதுக நேரா வச்சுக்கிட்டு, துரைசானி மாதிரி. வந்ததும் வராததுமா "அவ அப்பிடி இல்ல, எனக்குத் தெரியும்"னு நான் சொன்னா, ஒங்கையில இருக்குற ஒண்ணையும் பிடுங்குன மாதிரிலா ஆயிரும். நீயாக் கேக்கட்டும்னு இருந்தேன். கேக்காமலே போயிருவியோன்னு இப்பம் பயந்துட்டேன்.

கிரேஸ்: பெரியம்மாவுக்கு அழத்தான் தெரியும். நீங்க சிரிக்கிய.

ஜெபகனி: அவள நெனச்சா எனக்குச் சிரிப்புத்தான் முதல்ல வரும். பெறகுதான் மத்தது. இத்தன நாளா கூடச் சேந்து சிரிக்க ஒரு ஆளு இல்ல.

கிரேஸ்: இன்னும் இருக்கா? அவளப் பத்தி?

ஜெபகனி: பெட்டகம் நெறைய இருக்கு.

முத்துமாலை: டீச்சரம்மா, அசன் மைதீன் அண்ணாச்சி வந்தாச்சு. கோடாலி வேணுமா, கடப்பாரை வேணுமான்னு கேக்காரு.

ஜெபகனி: ரெண்டும் வேண்டாம். மரத்துல ஒரு கீறல் விழக் கூடாது.

கிரேஸ்: அண்ணாச்சி, அந்தக் கால் முனைதான் நிலையில மாட்டிருக்கு. ஒரு பக்கத்த நல்லாத் தூக்குங்க, நான் உள்ளேந்து பிடிக்கேன்.

முத்துமாலை: நீ பிடிக்கியா? சித்த முன்ன கண்ணுல இடிக்குதுன்ன பிள்ளதானே நீ?

கிரேஸ்: பேசாம தூக்குங்க.

முத்துமாலை: உத்தரவு. அண்ணாச்சி, அங்கன பிடிங்க... ஆங்... ஏலேலோ... வந்துட்டு, வந்துட்டு... பைய... எறக்குங்க. அப்பாடி. எங்கன போட பாப்பா? சன்னலுக்குக் கீழ உங்கம்மா... அங்கன நாற்காலி இருக்கே.

கிரேஸ்: நாற்காலிய இந்தப் பக்கம் நகத்துங்க. அது அப்பாவுக்கு. வாங்கினவங்களே உக்காரட்டும். சன்னலுக்குக் கீழ பெட்டகம். அதுக்கு முன்ன பாய் விரிக்கணும், செவப்புக் கரை தெரியுற மாதிரி. மேசை நடுவுலயே இருக்கட்டும், லேசும் இருக்கட்டும்.

ஜெபகனி: லேசுக்கு மேல கண்ணாடிக் குப்பியா?

கிரேஸ்: செம்பு. கண்ணாடிக் குப்பிய பெட்டகத்து மேல வைப்போம். மாத்தி மாத்தி வச்சாத்தான் ரெண்டும் ஒரே வீட்டுச் சாமான் மாதிரி இருக்கும்.

முத்துமாலை: ராஜாவும் ராணியும்?

கிரேஸ்: அவங்க பாத்துக்கிட்டு இருக்கட்டும்.

முத்துமாலை: அப்பம் வண்டியில இருக்குற பெட்டி?

கிரேஸ்: எறக்குங்க. அதுல இருக்குற துணிய இதுக்குள்ள வச்சுக்கிடுதேன்.

முத்துமாலை: நல்லதாப் போச்சு, எனக்கும் சுத்து மிச்சம். சரி, கடைசியா ஒண்ணு. தீஞ்ச மூலையச் சுவரோட சேத்துப் போட்டுருதேன். யாரு கண்ணுலயும் படாது.

கிரேஸ்: வேண்டாம். வாசலப் பாத்துப் போடுங்க.

முத்துமாலை: வாரவன் போறவன் எல்லாம் கேப்பானே பாப்பா, இது என்ன, யாரு தீச்சான்னு.

கிரேஸ்: கேக்கட்டும் அண்ணாச்சி, அதுக்குத்தான் போடச் சொல்லுதேன். எங்கம்மா இன்பமணி நொட்டாங்கையால துரைசானி மூக்க வரையும்போது விளக்கு சாஞ்சுட்டு, அவளே மேல ஏறி உக்காந்து அணைச்சுட்டான்னு சொல்லுவேன்... அப்பிடித்தானே சித்தி?